டி.பி.எல். தகட்டுக்குப் பின்னால்

கொடிகாமம் சந்தியில் அரை மணித்தியாலம் நின்றால் உலகம் முழுக்க வந்து போகும் என்று பெரியப்பா சொல்லுவார். கிழக்கே போனால் மிருசுவில், பளை, ஆனையிறவு, அப்படியே கொழும்பு. மேற்கே சாவகச்சேரியும் யாழ்ப்பாணமும். வடக்கே திரும்பினால் வரணி தாண்டிப் பருத்தித்துறை. தட்டிவானுக்குப் பேர்போன வீதி அது. சில வருடங்களுக்கு முன் ஒரு பலாப்பழக் காலத்தில் அந்தச் சந்தியில் நின்றபோதுதான் இந்தப் பித்து எனக்குப் பிடித்தது.

தலைக்கவசத்தின் பட்டியைப் பூட்டாமல் வந்ததற்கு எனக்குத் தண்டம் எழுதி முடிந்திருந்தது. பிழை என்னுடையதுதான். துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெரியப்பாவின் பலாப்பழக் குவியலடிக்கு வந்தேன். அப்போது ஒரு வெள்ளை ஜீப் வந்து, வீதியின் மஞ்சள் கோட்டைத் தாண்டி, பாதி வழியை மறித்தபடி நின்றது. சாரதி இறங்கிப் பழம் தட்டிப் பார்க்கத் தொடங்கினார். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு வெள்ளைக்காரர். எனக்குத் தண்டம் எழுதிய பொலிஸ்காரர் ஜீப்பைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார்.

“அதுக்கு எழுதேலாது, மோனை,” என்றார் பெரியப்பா. “தகட்டைப் பார். டி.பி.எல். தூதரகக்காரர். உவையளை ஒருத்தரும் தொடேலாது.”

தொடேலாது! அந்தச் சொல்தான் என்னை இழுத்துக்கொண்டு போனது. ஏன் தொட முடியாது? யார் சொன்னது? எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்? அன்று இரவு நித்திரை வரவில்லை. அடுத்த மாதங்களில் கையில் கிடைத்த தீர்ப்புகளையும் உடன்படிக்கைகளையும் வாசித்துத் தள்ளினேன். ஒவ்வொரு பக்கத்தைத் திருப்பும்போதும், பூட்டிக் கிடந்த பெரிய வீட்டின் யன்னலில் எட்டிப் பார்க்கும் சின்னப் பிள்ளைபோல் மனசு துள்ளியது. வாருங்கள், உங்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

முன்வாசல் இருப்பது வியன்னாவில். 1961 ஏப்ரல் 18இல் அங்கே ஒப்பமான இராஜதந்திர உறவுகள் பற்றிய உடன்படிக்கை. மொத்தம் 53 உறுப்புரைகள். எங்கள் நாட்டில் அதற்குச் சட்ட உருவம் கொடுப்பது 1996ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க இராஜதந்திர சிறப்புரிமைகள் சட்டம். தூதுவரைக் கைது செய்ய முடியாது. தூதரகக் கட்டடத்துக்குள் அவர்களுடைய சம்மதமில்லாமல் பொலிஸ் காலடி வைக்க முடியாது. தூதரகப் பொதியைத் திறக்க முடியாது. பொதி என்றவுடன் கைப்பை ஒன்றை நினைத்துவிடாதீர்கள்! அதற்கு அளவே சொல்லப்படவில்லை. கடித உறையும் பொதிதான், லொறியில் ஏற்றும் பெட்டியும் பொதிதான். வெளியே அடையாளம் தெரிய வேண்டும், உள்ளே அலுவலகச் சாமான் மட்டும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1984 ஜூலையில் லண்டனுக்குப் பக்கத்திலுள்ள ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் நைஜீரியாவுக்குப் போகக் காத்திருந்த இரண்டு மரப்பெட்டிகளில் அந்த அடையாளம் ஒழுங்காக இருக்கவில்லை. சுங்க அதிகாரிகள் திறந்தார்கள். உள்ளே நைஜீரியாவின் முன்னாள் அமைச்சர் உமாரு டிக்கோ, மயக்க மருந்து ஏற்றப்பட்ட நிலையில் கிடந்தார்! அடையாளத்தை ஒழுங்காக ஒட்டியிருந்தால் அந்த மனிதர் என்ன ஆகியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். வாசித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

என் தண்டத் துண்டுக்கு நியூயோர்க்கில் ஒன்றரை இலட்சம் உறவினர்கள் இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. 1997 முதல் 2002 வரை ஐ.நா.வுக்கு வந்த இராஜதந்திரிகள் அந்த நகரத்தில் கட்டாமல் விட்ட வாகனத் தரிப்புத் தண்டங்கள் 1,50,000க்கு மேல். தொகை 1 கோடி 80 இலட்சம் டொலருக்கு மேல். ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வேர்ட் மிகேல் என்ற இரண்டு பொருளியலாளர் இதை நாடு நாடாகப் பிரித்து எண்ணினார்கள். ஒரே விடுபாட்டுரிமை, அதுதான் பெரியப்பாவின் ‘தொடேலாது’, எல்லோருக்கும் இருந்தும், சுவீடனும் நோர்வேயும் வைத்த கடன் பூச்சியம். வேறு சில நாடுகளின் ஆட்களோ ஆளுக்கு நூற்றுக்கு மேல் வைத்திருந்தார்கள். 2002 முடிவில் நகரசபை இறுக்கியதும் எண்ணிக்கை சடுதியாக விழுந்தது. பூட்டு ஒன்றுதான், கைகள்தான் வேறு.

இவ்வளவும் வாசித்த பிறகும் என் கேள்வி தீரவில்லை. இந்தப் பாதுகாப்பு ஆருடையது? ஜீப்புக்குள் இருந்த அந்த மனிதருடையதா?

பதில் எனக்கு வியன்னாவில் கிடைக்கவில்லை, எங்கள் கோயிலில் கிடைத்தது. கந்தசஷ்டிக்கு முன்னர் கந்தபுராணம் படித்துப் பயன் சொல்லும்போது, வீரவாகு தேவர் தூது போகும் கட்டம் வரும். சூரபன்மனுடைய சபைக்கு முருகனின் தூதராக வீரவாகு போகிறார். சூரன் இருக்கை கொடுக்கவில்லை. தூதர் நின்றபடி பேசினால் அனுப்பியவருக்கு இழிவு. அப்போது முருகன் அருளால் ஓர் ஆசனம் வந்து இறங்குகிறது. வீரவாகு அதில் சூரனுக்குச் சமமாக அமர்ந்து பேசுகிறார். பேச்சு முடிந்து அவர் எழுந்ததும் ஆசனமும் போய்விடுகிறது. சின்ன வயதில் அந்த ஆசனம் பறந்து வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். இந்த முறை கேட்டபோது துள்ளி எழுந்துவிட்டேன். ஆசனம் வீரவாகுவினுடையது அல்ல, அனுப்பியவருடையது! இருக்கும்வரைதான் அது, எழுந்தால் போய்விடும்.

வியன்னாவில் கூடியவர்கள் சொன்னதும் அதேதான். இந்தச் சிறப்புரிமைகள் தனிமனிதருக்கு நன்மை செய்ய அல்ல, தூதரகத்தின் வேலை ஒழுங்காக நடக்கவே என்று முகப்புரையிலேயே எழுதி வைத்தார்கள். அதனால்தான் கதவில் கீல்களும் இருக்கின்றன. 32ஆம் உறுப்புரை: அனுப்பிய நாடு விரும்பினால் விடுபாட்டுரிமையைத் தானே விலக்கிக்கொள்ளலாம். 1997 ஜனவரியில் வாஷிங்டனில் ஜோர்ஜிய நாட்டு இராஜதந்திரி ஒருவர் குடித்துவிட்டு ஓட்டிய காரால் 16 வயதுப் பெண்பிள்ளை இறந்தாள். ஜோர்ஜியா விலக்கிக்கொண்டது, அவர் சிறை போனார். 9ஆம் உறுப்புரை: ஏற்ற நாடு காரணம் சொல்லாமலே ஒருவரை வெளியேற்றலாம். 39ஆவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பதவி முடிந்து போனபிறகு, அலுவலாகச் செய்த காரியங்களுக்கு மட்டுமே பாதுகாப்பு மிஞ்சும். சொந்தமாகச் செய்ததற்கு மிஞ்சாது. ஆசனம் எழுந்து போகும் அந்தக் கணம்!

அப்படியானால் பதவி விட்டவரின் எல்லா வழக்கும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: செய்தது அலுவலா, சொந்தமா?

லண்டனில் அந்தக் கேள்வியை எங்கள் ஆட்கள் கேட்டார்கள். 2018 பெப்ரவரி 4, இலங்கையின் சுதந்திர தினம். ஹைட் பார்க் கார்டன்ஸில் உள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்துக்கு வெளியே தமிழர் ஆர்ப்பாட்டம். பாதுகாப்பு ஆலோசகராக இருந்த பிரிகேடியர் பிரியங்க பெர்னாண்டோ சீருடையில் வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்தபடி விரலைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினார். ஒரு தடவையல்ல. கைத்தொலைபேசிக் காணொளி அன்றைக்கே உலகம் சுற்றியது. கொழும்பு அவரை இடைநிறுத்தியது. மறுநாளே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மீண்டும் பணியில் அமர்த்தினார். பிறகு பிரிகேடியர் நாடு திரும்பினார்.

இதற்குப் பின்னால் நடந்ததுதான் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டிய இடம். அரசாங்கம் வழக்குப் போடவில்லை. கழுத்தறுப்புச் சைகையை நேரில் பார்த்தவர்கள் தனியார் வழக்காகக் கொண்டுபோனார்கள். 2019 ஜனவரியில் வெஸ்ட்மின்ஸ்டர் நீதவான் நீதிமன்றம் ஆள் இல்லாமலே குற்றவாளி என்றது, பிடியாணை பிறந்தது. விடுபாட்டுரிமை பற்றிய கேள்வி எழ, சில நாளில் பிடியாணை திரும்பியது. மறுபடி வாதம். கழுத்தை அறுப்பதாகக் காட்டுவது ஒரு பாதுகாப்பு ஆலோசகரின் வேலையா? அவர் ஆசனத்தில் இருந்து செய்தாரா, எழுந்து வந்து செய்தாரா? அது அலுவல் அல்ல என்று பிரதம நீதவான் எம்மா ஆர்பத்னொட் முடிவெடுத்தார். 2019 டிசெம்பர் 6இல் மீண்டும் குற்றவாளி. லண்டன் தெருவில் அன்று எத்தனை பேர் அழுதார்கள்! 2021 மார்ச்சில் மேல் நீதிமன்றம் விடுபாட்டுரிமை உண்டு என்று சொல்லி அந்தத் தீர்ப்பை நீக்கியது. நான் அந்த முடிவோடு உடன்படவில்லை. வாசலில் நின்ற மக்களின் கழுத்தை நோக்கிக் காட்டிய விரல் எந்த நாட்டின் அலுவலாக இருக்க முடியும்? ஆனாலும் மூன்று வருடம், சாதாரண மக்கள், ஓர் அரசின் சீருடையை ஒரே கேள்வியால் நீதிமன்றப் படியில் நிறுத்தி வைத்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு விம்முகிறது.

அதற்கு முன் நியூயோர்க். போரின் கடைசிக் கட்டத்தில் 58ஆவது படைப்பிரிவை நடத்திய சவேந்திர சில்வா 2010இல் ஐ.நா.வுக்கான இலங்கையின் பிரதி நிரந்தரப் பிரதிநிதியாகப் போனார். 2011இல் தமிழர் இருவர் அங்கே சிவில் வழக்குப் போட்டார்கள். 2012 பெப்ரவரியில் நீதிபதி தள்ளுபடி செய்தார்: பதவியில் இருக்கும் இராஜதந்திரி, விடுபாட்டுரிமை உண்டு. வன்னிப் படைத் தலைமையகத்தின் தளபதியாக இருந்த ஜகத் ஜயசூரிய பிரேசிலில் தூதுவராக இருந்தபோது, 2017 ஓகஸ்டில் யஸ்மின் சூக்கா தலைமையிலான சர்வதேச உண்மைக்கும் நீதிக்குமான செயற்திட்டம் பிரேசிலிலும் கொலம்பியாவிலும் முறைப்பாடு கொடுத்தது. விடுபாட்டுரிமையை விலக்கவும் வெளியேற்றவும் கேட்பதுதான் திட்டம். முறைப்பாடு பதிவாகும் நேரத்தில் அவர் விமானம் ஏறிவிட்டிருந்தார். ஒரே ஒரு நாள் இடைவெளியில் தவறிப்போன கதை அது; வாசிக்கும்போது கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

2025 மார்ச் 24இல் பிரித்தானியா அந்த இரண்டு பேரையும், முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொடவையும், முன்னாள் விடுதலைப் புலித் தளபதி கருணாவையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. பயணத் தடை, சொத்து முடக்கம். நீதிமன்றம் திறக்காத கதவை அரசு தன் வீட்டு வாசலில் பூட்டிக் காட்டியது.

இவ்வளவு தூரம் கடல் தாண்டிப் போய் ஏன் நீதி தேட வேண்டும் என்று கேட்பவர்களை நான் ஏ9 வழியே கிழக்குப் பக்கம் கூட்டிப்போவேன். உசன் தாண்டினால் மிருசுவில். 2000 டிசெம்பரில், இடம்பெயர்ந்திருந்த மக்கள் தங்கள் வீடு வளவைப் பார்க்க அங்கே வந்தார்கள். எட்டுப் பேர் வெட்டிக் கொல்லப்பட்டு மலசலகூடக் குழிக்குள் போடப்பட்டார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. தப்பி ஓடிய ஒருவரின் சாட்சியம்தான் வழக்கைத் தூக்கி நிறுத்தியது. 2015 ஜூன் 25இல் கொழும்பு மேல் நீதிமன்றம் இராணுவச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை விதித்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 மார்ச் 26இல் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மன்னித்து வெளியே விட்டார். பதினைந்து வருடம் எடுத்து எழுதிய தீர்ப்பு, ஊர் முழுக்க ஊரடங்கில் இருந்த ஒரு நாளில் போனது. தூதுவருக்கு இருப்பது அனுப்பிய நாட்டின் ஆசனம். மிருசுவில் கொலையாளிக்குக் கிடைத்தது எந்த ஆசனம்?

அப்படியென்றால் இந்த விடுபாட்டுரிமையையே கொளுத்திப் போட்டால் என்ன என்று ஒரு சிநேகிதர் என்னிடம் கோபமாகக் கேட்டார். எனக்கும் அந்த எண்ணம் வந்து போனதுண்டு. பரம் குமாரசுவாமியின் வழக்கைக் கண்டபிறகு வரவில்லை. கண்ட இரவு எனக்குக் கொண்டாட்டம்!

பரம் குமாரசுவாமி மலேசியத் தமிழர், சட்டத்தரணி, நீதிபதிகளினதும் சட்டத்தரணிகளினதும் சுதந்திரம் பற்றிய ஐ.நா. விசேட அறிக்கையாளர். 1995 நொவெம்பரில் வெளியான ஒரு வணிகச் சட்ட இதழுக்குக் கொடுத்த செவ்வியில், மலேசிய நீதித்துறையில் சில பெரிய கம்பனிகளின் செல்வாக்கு பற்றி வந்த முறைப்பாடுகளைக் குறித்துப் பேசினார். அதற்காக அடுத்தடுத்து நான்கு அவதூறு வழக்குகள். கேட்ட நட்டஈடு மொத்தம் 11 கோடி 20 இலட்சம் அமெரிக்க டொலர். ஒரு மனிதரை உயிரோடு புதைக்கப் போதுமான காசு. அவர் ஐ.நா.வுக்காகப் பேசினார், விடுபாட்டுரிமை உண்டு என்று செயலாளர் நாயகம் கொஃபி அனான் எழுதியும் மலேசிய நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. விஷயம் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1999 ஏப்ரல் 29இல் பதினான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு: அவருக்கு விடுபாட்டுரிமை உண்டு. வழக்குச் செலவில் ஒரு சதமும் அவர் தலையில் விழக்கூடாது என்பதில் பதினைந்து பேரும் ஒருமித்தார்கள்.

அந்த அமர்வில் நீதிமன்றத்தின் உப தலைவராக இருந்தவர் எங்கள் நாட்டு நீதியரசர் கிறிஸ்டோபர் வீரமந்திரி! தனியாகவும் ஒரு கருத்துரை எழுதி வைத்தார். தமிழர் ஒருவர் நீதித்துறையின் நேர்மையைப் பற்றி வாய் திறந்ததற்காக இழுக்கப்பட, சிங்களவர் ஒருவர் இருந்த நீதிமன்றம் அவருடைய வாயைக் காத்தது. கழுத்தைக் காட்டிய பிரிகேடியருக்கும் உண்மையைச் சொன்ன குமாரசுவாமிக்கும் ஒரே வகைக் கேடயம்தான் கொடுக்கப்பட்டிருந்தது. கேடயத்தைக் கொளுத்தினால் முதலில் வேகப்போவது சக்தியில்லாதவர்களுக்காகப் பேசப் போனவர்.

சரி, கடைசியாக நான் ஒளித்து வைத்திருந்த அறைக்கு வருவோம். சமையலறை.

தூதுவர் வீட்டில் சமைக்கும் பெண்ணுக்கு எந்த ஆசனமும் இல்லை. சம்பளம் தரவில்லை என்று வழக்குப் போடப் போனால், முதலாளியைத் தொடேலாது. பல வருடம் இப்படித்தான் நடந்தது. 2022 ஜூலை 6இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்று ஒரு தீர்ப்புச் சொன்னது. சவூதி இராஜதந்திரி ஒருவரின் வீட்டில் வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண் சொல்வது உண்மையானால், ஒருவரை அடிமையாக வைத்து வேலை வாங்குவது சொந்த இலாபத்துக்கான காரியம். பதவியில் இருந்தாலும் பாதுகாப்பு இல்லை! மூன்றுக்கு இரண்டு. ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால் அந்தக் கதவு இன்னும் மூடித்தான் இருக்கும்.

அவுஸ்திரேலியாவில் திறந்தது எங்கள் ஊர்க் கை. கன்பராவில் இலங்கையின் துணை உயர்ஸ்தானிகராக இருந்தவரின் வீட்டில் 2015 முதல் 2018 வரை இலங்கைப் பெண் ஒருவர் வேலை செய்தார். கிழமையில் ஏழு நாளும். மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கையில் வந்தது சுமார் 11,200 அவுஸ்திரேலிய டொலர். விடுமுறை இரண்டே நாள். அதுவும் கொதி எண்ணெய் பட்டுக் கை வெந்தபடியால். ஒருநாள் அந்த வீட்டை விட்டு வெளியேறினார். இராஜதந்திரி பதவி முடிந்து போய், பிறகு ஜெனீவாவில் பெரிய பதவியில் இருந்தார். 39ஆவது உறுப்புரை ஞாபகம் இருக்கிறதா? ஆசனம் போய்விட்டது! சொந்த வீட்டில் ஆளை வைத்துச் சமைப்பித்தது உயர்ஸ்தானிகராலய அலுவல் அல்ல. 2024 ஓகஸ்டில் நீதிபதி எலிசபெத் ரேப்பர் சொன்ன தொகை, வட்டியும் சேர்த்து, ஐந்து இலட்சத்து நாற்பத்து மூவாயிரம் டொலருக்கு மேல். முந்திய வருடம் அதே நீதிமன்றம் முன்னாள் இந்திய உயர்ஸ்தானிகர் ஒருவருக்கும் இதே மாதிரி உத்தரவு போட்டிருந்தது.

இதையெல்லாம் ஒரு பின்னேரம் பெரியப்பாவுக்குச் சொன்னேன். அவர் கத்திக்கும் கைக்கும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு பலாப்பழம் பிளந்துகொண்டிருந்தார். வீரவாகுவின் ஆசனத்துக்குத் தலையாட்டினார். பிரிகேடியருக்குப் பேசாமல் இருந்தார். கன்பராவுக்கு வந்தபோது கத்தி நின்றது.

“மூண்டு வருசத்திலை ரெண்டு நாளோ?”

“ஓம் பெரியப்பா. கை சுட்டபடியால்.”

“எங்கத்தைப் பிள்ளை?”

“இலங்கைப் பிள்ளைதான்.”

கையில் ஒட்டிய பால் போகத் தேங்காய்த் தும்பால் தேய்த்தார். நெடுநேரம் தேய்த்தார்.

“எங்கடை ஒழுங்கைப் பிள்ளை ஒண்டும் வெளியிலை ஒரு தூதரக வீட்டிலைதான் சமைக்குது,” என்றார். “தாய் ஒவ்வொரு கிழமையும் வந்து என்னட்டை அழுகிறவ. அந்தக் கோட்டின்ரை பேரையும் நம்பரையும் ஒரு துண்டிலை எழுதித் தா, மோனை. தமிழிலை எழுது, அவ வாசிப்பா.”

சட்டைப்பையைத் துழாவினேன். அகப்பட்டது பழைய தண்டத் துண்டுதான். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. எழுதத் தொடங்கினேன்.